மூன்று மீட்டருக்குக் கீழே

கயிற்றைப் பிடித்தபடி இறங்கிக்கொண்டிருக்கிறாள் செண்பகவல்லி, மூச்சுக்குழாயின் ரப்பர் வாயில் கசக்கிறது, தன் மூச்சே யாரோ பக்கத்தில் குறட்டை விடுவதுபோல் கேட்கிறது, காலுக்குக் கீழே நீலம் கனத்துக்கொண்டே போகிறது, மூன்று மீட்டரில் இடது காதுக்குள் கம்பியைச் செருகியதுபோல் வலி, மூக்கைப் பொத்தி ஊதுகிறாள், வலது காது பட்டென்று திறந்துகொள்கிறது, இடது திறப்பதாயில்லை, எதிரே மிதக்கும் பயிற்சியாளன் ரீகன் கொஞ்சம் மேலே ஏறச் சொல்லிக் கை காட்டுகிறான், மறுபடி கீழே, மறுபடி வலி, நேற்றும் இதே இடம், முந்தாநாளும் இதே இடம், அந்தமானின் கோடியிலிருக்கும் இந்தச் சின்னத் தீவுக்கு விமானம் ஏறி, கப்பல் மாறி, வாந்தி எடுத்து வந்து சேர்ந்தது இந்த மூன்று மீட்டருக்காகத்தானா என்று நினைக்கும்போதே தண்ணீர் வகுப்பறையாகிவிடுகிறது, பாளையங்கோட்டை, ஒன்பதாம் வகுப்பு, கரும்பலகையில் கலர் சாக்பீஸால் பவளப்பாறை வரைகிறாள், இருபத்தாறு வருடமாக அதே படம், கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து, டீச்சர், நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா என்று கேட்கிறாள், ஆமா, பாத்திருக்கேன் என்று வாய் சொல்லிவிடுகிறது, புத்தகத்தில் படித்ததையெல்லாம் கண்ணால் கண்டதுபோல் சொல்கிறாள், நாற்பது பிள்ளைகளும் வாயைப் பிளந்து நம்புகிறார்கள், அவர்கள் நம்பியதுதான் அன்றிலிருந்து உறுத்துகிறது, அந்தப் பொய்யை மெய்யாக்கத்தானே ஐம்பத்தோரு வயதில் இந்த இறுக்கமான உடுப்புக்குள் உடம்பைத் திணித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

படகில் ஏற்றியதும் ரீகன், அக்கா, மூக்குல ரத்தம் வருது, இதுக்கு மேல எறக்குனா காது சவ்வு கிழிஞ்சிரும் என்றான், ஒரே ஒரு தடவ தம்பி என்றாள், மதிப்பெண்ணுக்குக் கெஞ்சும் பிள்ளைகளின் குரல் தன்னிடமிருந்தே வருவதைக் கேட்டாள், என்னைய எம்புட்டு வேணாலும் திட்டுங்க, எறக்க மாட்டேன்க்கா என்று அவன் அவள் முதுகிலிருந்த சிலிண்டரைக் கழற்றினான், காதில் பஞ்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவள் கணவர் சிதம்பரநாதனின் மூச்சுக்குமிழிகள் அங்கங்கே மேலே வந்து உடைந்துகொண்டிருந்தன, வெறும் துணைக்கு வந்த மனுஷர், திருச்செந்தூர்க் கடலில் முழங்காலுக்கு மேல் நனையாதவர், இன்னொரு பயிற்சியாளனோடு மாடிப்படி இறங்குவதுபோல் அவளைத் தாண்டி இறங்கிப் போய்விட்டார், முக்கால் மணி நேரம் கழித்து மேலே வந்து முகமூடியைக் கழற்றியபோது அவர் முகம் அவர்கள் மகள் பிறந்த அன்று இருந்ததுபோல் இருந்தது, அவள் காதிலிருந்த பஞ்சைப் பார்த்தார், அவ்வளவுதான், முகத்தை விளக்கைப்போல் அணைத்துவிட்டார், ஒண்ணுமில்ல செம்பா, வெறும் மணலு, கலங்கல் தண்ணி, நீ வராததே நல்லது என்றார்.

இந்த வெறும் என்ற சொல் அவளுக்குப் புதிதா என்ன, ஆசிரியர்கள் லட்சத்தீவுக்குச் சுற்றுலா போன வருடம் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று அவள் நின்றுவிட்டபோது, அங்க என்ன இருக்கு, வெறும் தென்னமரம் என்றார், டெல்லிப் பயிற்சி தவறியபோது, வெறும் குளிரு என்றார், அவள் போகமுடியாத ஊர்களையெல்லாம் அவர் ஒவ்வொன்றாகக் காலி செய்து வைத்திருக்கிறார், அவளும் அதை ஆறுதல் என்று வாங்கிக்கொண்டிருக்கிறாள், பொய் சொல்லாதீங்க என்று கத்தினாள், படகோட்டி திரும்பிப் பார்த்தான், கண்ணால கண்டத ஒழுங்கா சொல்லுங்க என்றாள்.

ஒரு ஆமை, என்றார் அவர், தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, பக்கத்துலயே வந்துட்டு செம்பா, அப்புறம் செடி மாதிரி ஒண்ணு, அதுக்குள்ள மீனு பூந்து பூந்து வெளிய வருது, வயலெட்டு, இல்ல, வயலெட்டும் இல்ல என்று இழுத்தார், பின்ன என்ன கலரு, கிளை கிளையாவா, உருண்டையாவா என்று அவள் விடாமல் கேட்டாள், அவர் கைகளைத் தூக்கி விரல்களை விரித்தார், மூடினார், மறுபடி விரித்தார், தெரியல, எனக்கு அதுக்கெல்லாம் பேரு தெரியாது, நீ பாத்திருக்கணும் செம்பா என்றார், இத்தனை வருடத்தில் ஆறுதல் கலக்காமல் அவர் சொன்ன முதல் பேச்சு, அவளுக்குக் கோபம் அடங்கவில்லை, நகர்ந்து அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ம், அப்புறம், என்றாள்.