இரவல் நாற்காலிகள்

எங்கள் வீட்டில் நாற்காலி இரண்டுதான். கூட்டாளிகளோடு வருகிறோம் என்று சொன்னதும் அம்மா லயத்தில், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், வீடு வீடாக ஏறி இறங்கி மிச்சத்தை இரவல் வாங்கி வைத்துவிட்டார். எங்கள் லயத்தில் நாற்காலி கொடுத்தவர்களுக்கு, அதில் யார் உட்காருகிறார்கள் என்று வந்து பார்க்கும் உரிமையும் உண்டு. ஆகவே நாங்கள் வருவது தோட்டம் முழுக்கத் தெரிந்துபோயிற்று. நீல நாற்காலியைக் கொடுத்தது ரெஜினா அத்தை, சரோனின் அம்மா. மகளைப் பார்த்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

சரோனும் நானும் ஒரே லயத்துப் பிள்ளைகள். எங்கள் அப்பாவும் அவள் அப்பா ஸ்டீபன் மாமாவும் ஒரே மலையில் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள். கோயில் ஃபாதர் அலைந்து வாங்கிக்கொடுத்த உதவித்தொகையில் இரண்டு பேருமே கோலாலம்பூரில் ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிக்கிறோம். இந்த விடுமுறைக்கு, கூடப் படிக்கும் ஹிஷாமும் மெய்லினும் இலங்கையைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று எங்களோடு வந்தார்கள். காலையில் கித்துல்கல ஆற்றில் படகு, மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு, பிறகு கண்டி. சாப்பாடு என் ஆசை. சரோன் அதற்கு, “பாப்போம்” என்றாள். அந்தப் ‘பாப்போம்’ எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, நான் அவ்வளவு மக்கு.

ரப்பர் படகில் எல்லோரும் கத்தித் தீர்த்துவிட்டுக் கரையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். சரோனும் மெய்லினும் உடுப்பு மாற்றப் போயிருந்தார்கள். ஹிஷாம் மலேசியாவில் ஈப்போக்காரன், வீட்டிலும் தமிழ்தான் பேசுவான். தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னான்.

“சரோனோட அப்பா ரொம்ப பெரிய மனசுலா. சொந்த எஸ்டேட்ல வேலை செய்ற ஆளோட பிள்ளைய, ஃபீஸ் கட்டி வெளிநாட்டுல படிக்க வைக்கிறாரே.”

“எந்தப் பிள்ளைய?”

“உன்னத்தான். சரோன் எல்லாம் சொல்லிட்டா. வெக்கப்படாத, இதுல என்ன இருக்கு.”

அவன் பரிவோடுதான் சொன்னான், அதுதான் இன்னும் எரிந்தது. தன் கைபேசியில் சரோன் அனுப்பியிருந்த படத்தையும் காட்டினான். ‘எங்க வீடு’ என்று எழுதியிருந்தது. எனக்குத் தெரிந்த படம் அது. கிறிஸ்மஸ் கெரோல் பாட நாங்கள் எல்லோரும் தோட்டத்து மேனேஜர் துரையின் பங்களாவுக்குப் போனபோது வாசலில் நின்று எடுத்தது. அவள் தோளில் கை போட்டு நான் நின்றேன். என்னை வெட்டி எடுத்திருந்தாள். என் கைவிரல்கள் மட்டும் அவள் தோளில் மிஞ்சியிருந்தன.

கூடப் பிறக்காத குறை என்று நான் நம்பிய பெண். கோலாலம்பூரில் அவள் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவள் நான். என்னை எத்தனை நாளாக அவள் அப்பாவின் தர்மத்தில் படிக்கிறவளாக ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்? ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். மதியம் ரெஜினா அத்தை நீல நாற்காலியோடு வந்து நிற்பார், உண்மை தானாக உட்காரும் என்று நினைத்தேன்.

வேனில் ஏறியதும் டிரைவர் பாறூக் நானா தொண்டையைச் செருமினார்.

“தங்கச்சி, ஒங்கட தோட்டத்துப் பாதையில மண்சரிவாம். வேன் போகாதாம். நேரே கண்டிக்குப் போவம்.”

எங்கள் பக்கத்தில் மழைக்காலத்தில் மண்சரிவு என்றால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. சரிந்த மண்ணுக்குள் ஆட்களைத் தேடியவர்கள் நாங்கள். அதைப் பொய்யாகச் சொல்ல ஒருவருக்கு நாக்கு வரும் என்றே எங்களுக்குத் தோன்றாது. நானும் நம்பினேன். நம்பினது மட்டுமா, நடுங்கினேன். எங்கள் லயத்துக்குப் பின்னால் மேடு. அம்மாவுக்கு போன் அடித்தேன், எடுக்கவில்லை. அப்பாவுக்கு அடித்தேன், சிக்னல் இல்லை. சரோன் என் கையைப் பிடித்து, “ஒண்ணும் ஆகியிருக்காது ரோஷானி” என்றாள். அந்த நிமிடம் அவள்மேல் இருந்த கோபம்கூட எனக்கு மறந்துபோயிற்று. மாதாவே, அம்மாவைக் காப்பாற்று என்று வேண்டிக்கொண்டே இருந்தேன்.

தோட்டச் சந்தி வந்தது. சரிந்ததாகச் சொன்ன அதே பாதையிலிருந்து தோட்டத்து பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு இறங்கி வந்தது. சக்கரத்துச் சில்லில் சேறுகூட இல்லை. சந்திக் கடையோரம், கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையோடு எங்கப்பா குடை பிடித்து நின்று ஒவ்வொரு வேனாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“நிப்பாட்டுங்க!” என்று கத்தினேன். பாறூக் நானா ஓரங்கட்டினார்.

“நான் என்ன செய்ற தங்கச்சி” என்றார், தலையைத் திருப்பாமல். “அவங்க தானே அப்படிச் சொல்லச் சொன்ன.”

சரோன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா வேனைக் கண்டுகொண்டு சிரித்தபடி ஓடி வந்தார்.

“யாரு அது?” என்று கேட்டான் ஹிஷாம்.

நான் வாயைத் திறப்பதற்குள் சரோன் சொன்னாள்: “எங்க தோட்டத்து ஆளு.”

அவளுக்கு மாதா பாட்டைச் சொல்லிக்கொடுத்தவர் எங்கப்பா. அவள் முதல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓடியவர்.

“எங்கப்பா” என்றேன். “பேரு அந்தோனி. பால் வெட்றாரு.” பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். சரோனும் பின்னாலேயே குதித்தாள்.

“ரோஷானி, ப்ளீஸ். அவங்க முன்னாடி ஒண்ணும் சொல்லிறாத. அவங்க பிளேன் ஏறட்டும், நான் வந்து அம்மாவப் பாக்குறேன்.”

“மண்சரிவுன்னு சொல்ல வச்சியே. எங்கம்மா செத்துட்டாங்கன்னு நெனச்சேன்டி.”

“வேற எதச் சொன்னாலும் நீ நம்பியிருக்க மாட்ட.”

இதைவிட ஒரு அறை கொடுத்திருக்கலாம். அப்பா பக்கத்தில் வந்து, “சரோனு, என்னம்மா எளச்சிட்ட?” என்றார். அவள் தலைகுனிந்து வேனில் ஏறிக் கதவை இழுத்தாள். வேன் போய்விட்டது. ஆட்டோவில் மலையேறும்போது அப்பா குடையை என் பக்கமே பிடித்துக்கொண்டு வந்தார்.

வாசலில் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. சிவப்பு, வெள்ளை, கை ஒடிந்து கம்பி கட்டிய ஒன்று. லயமே கூடி நின்றது. நீல நாற்காலிக்குப் பக்கத்தில் புதுச் சேலையில் ரெஜினா அத்தை.

“எங்க எம்மக?”

வரும் வழியெல்லாம், எல்லார் முன்னாலும் போட்டு உடைப்பது என்றுதான் நினைத்து வந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் அந்தப் பொய்க்கு என் நாக்கும் வந்தது.

“பாதையில மண்சரிவுங்க அத்த. வேன் வர முடியல. நானும் அப்பாவும்... நடந்து ஏறி வந்தோம்.”

சொன்ன பிறகுதான் அவர் கையைப் பார்த்தேன். பெரிய சோடாப் போத்தல். எங்கள் லயத்தில் குளிர்ப்பெட்டி கிடையாது. டவுனில் வாங்கி, நாங்கள் சந்தியில் பார்த்த அந்த பஸ் சற்றுமுன் மேலே வந்தபோது அதில்தான் ஏறி வந்திருக்கிறார். போத்தல் இன்னும் வேர்த்துக்கொண்டிருந்தது.

அத்தை என்னைப் பார்த்தார். வாசலில் திரும்பிக்கொண்டிருந்த ஆட்டோவைப் பார்த்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.

“ஆமா, ஆமா. நான் வர்றப்பவே மண்ணு சரிஞ்சுதான் கெடந்துச்சு.”

போத்தலை அம்மா கையில் கொடுத்துவிட்டு, நீல நாற்காலியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு தன் வீட்டுக்கு நடந்தார்.