படையலில் வைத்த மாத்திரை

பேச்சியம்மாவைத் தேயிலைக் கொழுந்து மலையிலிருந்து நாலு பேர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கொழுந்து நிறுக்க வரிசையில் நின்றவள், நின்ற இடத்திலேயே கூடையோடு சாய்ந்துவிட்டாளாம். வந்தவர்கள் டாக்டரிடம் ஒரு கதையும் நர்ஸ் ரஜிதாவிடம் இன்னொரு கதையும் சொன்னார்கள். டாக்டரிடம் சொன்னது, காலையில் சாப்பிடவில்லை என்று. ரஜிதாவிடம் சொன்னது, செத்துப்போன புருஷன் அவளைக் கூப்பிடுகிறான் என்று.

ரஜிதாவும் பூண்டுலோயாப் பக்கம் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள்தான். பேய்க்கதைக்குப் பஞ்சமில்லாத வீடு. யூனிபோர்ம் போட்ட நாளிலிருந்து அதையெல்லாம் லயத்து வாசலிலேயே விட்டுவிட்டு வருவதாகச் சொல்லிக்கொள்வாள். சொல்லிக்கொள்வதில் என்ன செலவு?

பிரஷர் எண்பதுக்கு ஐம்பது. கை கால் சில்லிட்டு, நெற்றியில் வியர்வை முத்துமுத்தாக நின்றது. ரஜிதா அவளைத் தலையணை இல்லாமல் மல்லாத்திப் படுக்க வைத்தாள். கால்களுக்குக் கீழே இரண்டு தலையணைகளைக் கொடுத்து உயர்த்தி, சேலைன் ஏற்றினாள். வாந்தி, பேதி, காய்ச்சல், ரத்தப்போக்கு என்று ஒன்றுமில்லை. ஏதாவது மருந்து குடிக்கிறாளா என்று கேட்டாள்.

"எனக்கு ஒரு நோய்நொடி கெடையாது மிஸ்ஸி. நான் எதுக்கு மருந்து குடிக்கப் போறேன்" என்றாள் பேச்சியம்மா. அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் பிற்பாடு ரஜிதாவை உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை பிரஷர் நூற்றுப்பத்துக்கு ஏறியிருந்தது. டாக்டருக்குத் திருப்தி. ஆனால் மத்தியானம் இரண்டு மணிக்கு மறுபடியும் மடமடவென்று இறங்கியது. ரஜிதா ஓடிப்போனபோது பேச்சியம்மா வார்ட் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்த பார்வை அல்ல. வீட்டுக்கு வந்தவரை வாங்க என்று சொல்லப்போகிற பார்வை.

"அந்தா, அவுக நிக்கிறாங்க. மழைக் கம்பளியெல்லாம் நனைஞ்சு கெடக்கு."

வெளியே நல்ல வெயில். ரஜிதா வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். வாசலில் யாரும் இல்லை. தரை மட்டும் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு ஈரமாக இருந்தது. யாராவது துடைத்திருப்பார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். யார் துடைத்தது என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

மூன்றாம் நாளும் அதே நேரம், அதே கூத்து. பக்கத்துக் கட்டில் ராசம்மா தனக்கு வேறு கட்டில் வேண்டும் என்று கேட்டு, பையைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போய்விட்டாள். பேச்சியம்மா தனியாகக் கழிவறைக்குப் போகக்கூடாது என்று ரஜிதா எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லி வைத்தாள். எழுந்த வேகத்தில் விழுந்து இடுப்பெலும்பு போனால் அப்புறம் மலை ஏற முடியாது. இப்படியே பிரஷர் இறங்கிக்கொண்டிருந்தால் சிறுநீரகம் போகும், அதன்பின் ஆளும் போகும்.

அன்று சாயங்காலம் ரஜிதா பிரஷர் குறித்த அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். காலையில் சரி, பகல் பன்னிரண்டு வரைக்கும் சரி. பார்வையாளர் வந்துபோன பிறகுதான் இறக்கம். பேய்க்கும் ஆஸ்பத்திரி நேரம் தெரியுமா என்ன? அந்த நேரத்தில் தினமும் வருவது மகள் சர்மிளா ஒருத்திதான்.

நான்காம் நாள் பன்னிரண்டு மணிக்குக் கட்டிலருகே போய் நின்றாள். சர்மிளா சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள். சோறு, பருப்பு, ஒரு சின்னப் போத்தலில் சாயத்தண்ணி, மூலையில் ஒரு கடதாசிப் பொட்டலம். பேச்சியம்மா சாப்பிட்டு முடித்து, பொட்டலத்தைக் கண்ணில் ஒற்றி, நான்கு மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டினாள். ரஜிதா அந்தக் கையைப் பிடித்துவிட்டாள். பொட்டலத்தின் மேல் பேனாவால் சிவசாமி என்று எழுதியிருந்தது.

சர்மிளாதான் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா சிவசாமிக்குப் பத்து வருஷமாகப் பிரஷர். நடக்கமாட்டாத மனுஷன் என்பதால், அம்மாதான் மாதாமாதம் மருந்து எழுதிய கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய் மாத்திரை வாங்கி வருவாள். கருமாதிக்குப் பிறகும் அதே கொப்பியைக் காட்டி வாங்கி வந்து, தினமும் படத்துக்கு முன்னால் சோறு வைத்து, சோற்றுக்குப் பக்கத்தில் மாத்திரையும் வைக்கிறாள். அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தபிறகு சர்மிளா வைத்து எடுத்து வருகிறாள். படைத்ததைக் கொட்டக்கூடாது, வீட்டுக்காரிதான் சாப்பிட வேண்டும். சோற்றைச் சாப்பிடுகிறவள் மாத்திரையை மட்டும் எங்கே போடுவாள்?

"அது அவுக மாத்திர" என்றாள் பேச்சியம்மா, அதற்குமேல் விளக்க ஒன்றுமில்லை என்பது போல. பிறகு குரல் இறங்கியது. "அந்த மாசம் மாத்திர முடிஞ்சிருச்சு மிஸ்ஸி. கிளினிக் நாளுன்னு தெரிஞ்சும் நான் பெரட்டுல பேரு குடுத்து வேலைக்குப் போயிட்டேன். மூணாம் நாளு மூளையில ரத்தம் ஒடஞ்சு போயிட்டாங்க. இப்பவாச்சும் வேளை தவறாம குடுக்கணுமில்ல."

ரஜிதா மாத்திரைகளைத் திரும்பப் பொட்டலத்தில் மடித்தாள். மர்மத்தை உடைத்துவிட்ட பெருமை அவளைச் சும்மா இருக்கவிடவில்லை. கட்டிலில் உட்கார்ந்து பக்குவமாக எடுத்துச் சொன்னாள். பிரஷர் கூடினவருக்குக் கொடுத்த மாத்திரையை பிரஷர் சரியாக உள்ளவர் குடித்தால் ரத்த அழுத்தம் தரைக்கு வந்துவிடும். மூளைக்குப் போதிய ரத்தம் போகாதபோது கண் இருளும், புத்தி தடுமாறும், இல்லாததெல்லாம் தெரியும். ஆவியுமில்லை, ஒன்றுமில்லை.

பேச்சியம்மா கவனமாகக் கேட்டாள். "அப்ப, இந்த மாத்திர குடிச்சதாலதான் அவுக வந்தாங்களா?"

"ஆமாங்கம்மா. அதனாலதான்."

மாத்திரை நின்றது, பிரஷர் இறங்குவதும் நின்றது. எழும்பும் முறையை ரஜிதா சொல்லிக்கொடுத்தாள். முதலில் ஒருக்களித்து, பிறகு உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்து, அதன்பின்தான் நிற்க வேண்டும். பேச்சியம்மா அப்படியே செய்தாள். நின்றதும் ஒவ்வொரு தடவையும் வாசலைப் பார்த்தாள். "வரல" என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டாள். பார்க்கப் பாவமாக இருந்தது. துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய அன்று, சிவசாமியின் பெயரை வெட்டிவிடுவதற்காகக் கிளினிக் கொப்பியைக் கொண்டுவரச் சொன்னாள் ரஜிதா. சர்மிளா தலையாட்டினாள். வேலை மேல் வேலை வந்ததில் இருவருமே மறந்துபோனார்கள்.

பத்து நாள் கழித்து, கிளினிக் நாள். காலை ஒன்பது மணிக்கு ரஜிதா ஜன்னலோரம் ஒருவரின் புண்ணுக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தபோது, மருந்து கொடுக்கும் இடத்திலிருந்து ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள்.

"சிவசாமி."

கூட்டத்திலிருந்து ஒரு பெண்குரல், "வந்திருக்காங்க" என்றது.

ரஜிதாவுக்குப் புறங்கை மயிர் சிலிர்த்தது. தோட்டத்துக்குப் பத்துச் சிவசாமி இருப்பான் என்று மனதை அடக்கிக்கொண்டு கையிலிருந்த வேலையை முடித்தாள். அதற்குப் பிறகும் வேலை வந்தது. பன்னிரண்டு மணிக்கு, பார்வையாளர் மணி அடித்தபோதுதான் நெஞ்சில் சுருக்கென்றது. வெளியே ஓடினாள்.

கிளினிக் பெஞ்சுகள் காலியாக இருந்தன. கடைசிப் பெஞ்சில் பேச்சியம்மா மட்டும், நல்ல சேலை கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து உட்கார்ந்திருந்தாள். மடியில் பிரித்த பொட்டலம். ரஜிதா பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள். கை சில்லிட்டிருந்தது. நாடி தேடித் தேடித்தான் கிடைத்தது.

"எத்தன குடிச்சீங்க?"

"வீட்டுல மக விடமாட்டா மிஸ்ஸி. அதான் இங்கயே. நீங்கதான வழி சொன்னீங்க." நன்றி சொல்கிற மாதிரி சிரித்தாள். பிறகு ரஜிதாவின் தோளுக்குப் பின்னால் பார்த்து, "கொஞ்சம் நகந்து உக்காருங்க மிஸ்ஸி, நின்னுக்கிட்டே இருக்காங்க" என்றாள்.

ரஜிதா நகர்ந்தாள். ஏன் நகர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அடுத்த நொடி சுதாரித்து, தள்ளுவண்டி கொண்டுவரச் சொல்லிச் சத்தம் போட்டுக்கொண்டே, பேச்சியம்மாவைப் பெஞ்சில் சாய்த்துப் படுக்க வைத்து, இரண்டு கால்களையும் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டாள். மெல்ல மெல்ல அந்த முகத்தில் ரத்தம் திரும்பத் தொடங்கியது. அதோடு அழுகையும் வந்தது.

"கால எறக்கிவிடுங்க மிஸ்ஸி. அவுக போறாங்க."

உள்ளேயிருந்து தள்ளுவண்டி வரும் சத்தம் கேட்டது. ரஜிதா அழுதாள், ஆனால் காலை விடவில்லை. தான் நகர்ந்து கொடுத்த இடத்தில் பேச்சியம்மாவின் சேலை முந்தானை பட்டு நனைவது தெரிந்தது. அந்தப் பக்கம் அவள் திரும்பவேயில்லை.