கென்ஸாவின் வெள்ளிக் கூஜா

ஃபெஸ் நகரத்துத் தாமு பாத்திரம் துலக்குவதில் பேர் போனவள். அவள் மகளின் நிச்சயதார்த்தத்தன்று, நாத்தனார் கென்ஸா விருந்துக்கு வைத்திருந்த ஒரு கரண்டியை எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தாள்.

"எங்க தாமு தேய்ச்சே தகரத்த வெள்ளியாக்கிடுவா!"

சம்பந்திகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மகள் முகம் சிவந்து உள்ளே போய்விட்டாள். தாமு அதை மறக்கவில்லை.

மறு வருடம் கென்ஸாவின் மகனைப் பார்க்கப் பெண் வீட்டார் வந்தார்கள். அன்று காலையில் கென்ஸா தன் தேநீர்க் கூஜாவைத் தாமுவிடம் நீட்டினாள்.

"சுத்த வெள்ளிடி. முகம் தெரியணும் அதுல."

"தெரியும் மதினி."

அது வெறும் வெள்ளிப் பூச்சு என்று தொட்டதுமே தாமுவுக்குப் புரிந்துவிட்டது. எலுமிச்சையும் மெல்லிய துணியும் போதும். அவளோ மணலையும் கம்பி நாரையும் எடுத்துக்கொண்டு கை ஓயத் தேய்த்தாள். கூஜாவின் மூக்கிலும் வயிற்றிலும் செம்பு தெரிந்ததும் கழுவித் துடைத்து, பூவேலைத் துணியால் மூடி விருந்தினர் முன் கொண்டுபோய் வைத்தாள்.

கென்ஸா பெருமையாகத் துணியை விலக்கினாள்.

"என்னங்க, உங்க ஊர் வெள்ளி சிவப்பா?" என்றாள் பெண்ணின் தாய்.

கென்ஸா திரும்பினாள். "என்னடி பண்ணி வச்சே?"

"அழுக்கத்தான் எடுத்தேன் மதினி. உள்ள இதுதான் இருந்துச்சு."

சம்பந்தம் முறியவில்லை. ஆனால் கென்ஸா பெண்ணுக்குப் போட்ட வளையல்களைப் பெண்ணின் தாய் எல்லோர் முன்னாலும் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். தாமு நிதானமாக இன்னொரு பாதாம் பலகாரத்தை எடுத்துக்கொண்டாள்.