இரண்டாம் அம்சவேணி

விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி படியேறிக்கொண்டிருக்கிறாள், முதுகு மட்டும் தெரிகிறது, முழங்கால்வரை பின்னல், இடுப்பில் பங்களாவின் அத்தனை சாவிகளும், கீழேயிருந்து திவான் அம்சவேணி என்று கூப்பிடுகிறார், அவள் நிற்கிறாள், ஒரு கழுத்து திரும்புவதற்கு இவ்வளவு நேரமா என்று தோன்றும்படி மெல்லத் திரும்புகிறாள், காதுத் தொங்கட்டான் ஆடுகிறது, கன்னத்தின் ஓரம் தெரிகிறது, முகம் இதோ வரப்போகிறது, அவ்வளவுதான், திரை பொட்டென்று கறுக்கிறது, மேலே மின்விசிறி மூச்சு வாங்கியபடி நிற்கிறது, எனக்கு ஏழு வயது, வாயில் பாதி மென்ற முறுக்கு, இந்த இடத்தில்தான் எப்போதும் விழித்துக்கொள்வேன், இன்றைக்கும் விழித்துக்கொண்டேன், உறையூர், ஞாயிற்றுக்கிழமை காலை, கூடத்தில் நீல ரெக்சின் பை ஒன்று ஜிப் மூடி நிற்கிறது, கைப்பேசியில் என் வகுப்புத் தோழன் லியாகத், டேய் எந்திரிச்சியா, ஊரே பத்தி எரியுது.

ஊர் என்றால் எங்கள் வாட்ஸப் குழு, தேவதாரு பங்களா வெறியர் பேரவை, உலகெங்கும் உறுப்பினர்கள் என்று முகப்பில் போட்டிருக்கும், உலகம் என்பது திருச்சி, சிவகாசி, பிறகு மஸ்கட்டில் ஒருவர், அவர் பேசுவதில்லை. தேவதாரு பங்களா நான் பிறப்பதற்கு முன்னால் செவ்வாய் இரவுகளில் வந்து, நான் இரண்டாம் வகுப்பு முடித்த கோடையில் மதியங்களில் மறுபடி ஒளிபரப்பான தொடர், கொடைக்கானல் பக்கம் ஒரு பங்களா, பகலெல்லாம் தூங்கி இரவில் உலாவும் ஒரு சித்தப்பா, அவர் ஏன் பாதாள அறையில் படுக்கிறார், ஏன் வீட்டில் ஆடுகள் குறைகின்றன என்று தொடர் முடியும்வரை ஒருவரும் கேட்கவில்லை, அவ்வளவு மரியாதையான குடும்பம், அதில் எல்லா ரகசியமும் தெரிந்த மூத்த மருமகள் அம்சவேணி, அவளாக நடித்தவர் பாதியில் விலகிவிட இன்னொருவர் வந்தார், ஆக முதலாம் அம்சவேணி, இரண்டாம் அம்சவேணி, சோழர்களுக்குப் பிறகு நாங்கள் எண் போட்டு மதிக்கும் வம்சம் இதுதான். இப்போது அதை யாரோ புதிதாக எடுக்கப்போகிறார்களாம், அம்சவேணியாக யாரைப் போடலாம் என்று விடியும்போதே சண்டை, முதலாமவ கண்ணாலயே கொல்லுவாடா, ரெண்டாமவ வசனத்தாலயே கொல்லுவா, அதுவும் நம்மள, இது லியாகத், அடப் பாவிகளா, அந்தப் பிள்ளைக்குப் புதுசா ஒரு ரவிக்கைகூடத் தைச்சுக் குடுக்கலப்பா, முதலாமவ ரவிக்கைய மாட்டிவிட்டு நடி நடின்னா எப்படி நடிப்பா, தோள்பட்டையப் பாருங்க, தொங்குது, இது சிவகாசியில் வங்கியில் இருக்கும் குணசுந்தரி அக்கா, இரண்டாமவருக்கு உலகில் எஞ்சியிருக்கும் ஒரே ரசிகை. நான் எழுந்து உட்கார்கிறேன், அடுக்களையில் டப்பா மூடிகளின் சத்தம், மரகதம் பருப்புப் பொடி நிரப்பிக்கொண்டிருக்கிறார், ஒரு மாதத்துக்கு வரும், ரசப் பொடி, இட்லிப் பொடி, ஆளுக்குப் பதில் பொடிகள் இருக்கப்போகிற வீட்டின் வாசம் இப்போதே வந்துவிட்டது.

மரகதம் என்பதை மனதுக்குள்தான் சொல்வேன், எனக்கு ஏழு வயதில் அப்பா கோபிச்செட்டிபாளையத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தவர், என்னைப் பெற்றவள் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது, அம்மான்னு கூப்பிடு என்றார் அப்பா, சித்தின்னாவது கூப்பிடு என்று இறங்கி வந்தார் அத்தை, நான் இரண்டுமே கூப்பிடவில்லை, எதிர்ப்பெல்லாம் இல்லை, முதல் நாள் வாய் வரவில்லை, இரண்டாம் நாள் கூச்சம், அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது, வேண்டுமென்றால் அவர் இருக்கும் இடத்துக்குப் போய் நிற்பேன், இருமுவேன், டம்ளரைக் கீழே போடுவேன், ஒரு டம்ளருக்கு என்ன சாமி என்பார், கல்லூரிக்கு வருவதற்குள் எங்கள் வீட்டு டம்ளர்கள் அத்தனையும் நசுங்கிவிட்டன, அவற்றில் பெற்றவளின் பெயர் வெட்டியிருக்கும், இவர் அதிலேயே காப்பி ஆற்றிக் குடிப்பார், தன் பெயரை எதிலும் வெட்டிக்கொள்ளவில்லை. ஆவணியில் அப்பா போய்விட்டார். காரியம் முடிந்த கையோடு மரகதத்தின் அண்ணன் சென்னியப்பன் மாமா எனக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னார், யாரை நம்பி இங்க இருக்கறே அம்மிணி, அவன் நீ பெத்ததா, நாளைக்கு ஒருத்திய கட்டிட்டு வந்தான்னா நீ எந்த மூலைல உக்காருவே, வா ஊருக்கு, மரகதம் என்னைப் பார்த்து, நீ சொல்லு சாமி, நான் என்ன பண்ணட்டும் என்றார், உங்க இஷ்டம் என்றேன், மரியாதையாகச் சொன்னேன், அவ்வளவு மரியாதையான குடும்பம். இன்றைக்கு மாமா அழைத்துப்போக வருகிறார், கைப்பேசி அலறுகிறது, கரூர் தாண்டிட்டனுங்க மாப்ள, அம்மிணியைக் கெளம்பி இருக்கச் சொல்லு.

குழுவில் வேறு விதமாக எரிகிறது, குணசுந்தரி அக்கா என்னை நேராகவே கேட்டுவிட்டார், எப்பா ஆராய்ச்சியாளரே, நீ காலேஜ் மலர்ல எழுதுன கட்டுரைய இப்பத்தான் படிச்சேன், மொத்தமும் தப்பு. அந்தக் கட்டுரைதான் பேரவையில் எனக்கிருக்கும் ஒரே சொத்து, அம்சவேணி மாறியதை ஏன் யாரும் கவனிக்கவில்லை என்று தலைப்பு, மற்றத் தொடர்களில் ஆள் மாறினால் படத்தை நிறுத்தி, இவருக்குப் பதில் இவர் என்று அட்டை போட்டு இரண்டு படத்தையும் காட்டுவார்கள், பந்தியில் இலையை மாற்றுகிற மாதிரி, தேவதாரு பங்களா ஒன்றுதான் அப்படிச் செய்யவில்லை, ஒரு நாள் முகம் மாறியிருந்தது, திவான் கண்டுகொள்ளவில்லை, புருஷன் கண்டுகொள்ளவில்லை, ரத்தம் குடிக்கும் சித்தப்பாவே கண்டுகொள்ளவில்லை, தமிழ்த் தொலைக்காட்சியின் உச்சகட்டத் திகில் இதுவே என்று எழுதியிருந்தேன், துறைத்தலைவர் கைகுலுக்கினார். அட்டை போட்டாங்கப்பா என்கிறார் அக்கா, போடல, நான் பார்த்தேன் என்கிறேன், ஒரு நாள்கூட விடாமல் பார்த்தேன், அட்டை இருந்ததென்று நிரூபித்தால் மீசையை எடுக்கிறேன், மொதல்ல மீசைய வை, அப்புறம் எடுக்கலாம் என்கிறான் லியாகத். அடுக்களையிலிருந்து மரகதம், சாப்பிட வா சாமி, தோசை ஆறுது, இன்றைக்குத்தான் கடைசித் தோசை என்பதை தோசை அறியாது, நான் அறிவேன், அவர் முந்தானையில் கை துடைத்துக்கொண்டு, யாரு காலங்காத்தால சண்டை என்கிறார், அம்சவேணி சண்டை என்கிறேன், முகம் கொஞ்சம் மலர்கிறது, இந்த வீட்டில் நாங்கள் இருவரும் முழு வாக்கியங்களில் பேசிக்கொண்ட ஒரே விஷயம் அது, அவர் பள்ளிக்கூடம் போகும் காலத்திலேயே கோபியில் பக்கத்து வீட்டு ஜன்னலில் நின்று முழுதும் பார்த்தவர், கதை தெரிந்தும் எனக்குச் சொல்லாமல் கூட உட்கார்ந்து மறுபடி பார்த்தவர், புதுசா எடுத்தா யாரைப் போடலாம் என்கிறேன், அவர் பொடிக் கரண்டியைப் பிடித்தபடி யோசித்து, யாரப் போட்டாலும் மொத நாலு நாளு திட்டத்தான் செய்வாங்க, அப்புறம் பழகிரும் என்கிறார், திரும்பிப் போய்விடுகிறார், நான் தோசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

டிங் என்கிறது. அக்கா ஒரு காணொளி போட்டிருக்கிறார், யாரோ அந்த மதிய ஒளிபரப்பிலிருந்தே பதிவு செய்தது, அடியில் கோடைக்காலக் குளிர்சாதனத் தள்ளுபடி விளம்பரம் ஓடுகிறது, அம்சவேணி படியேறுகிறாள், திவான் கூப்பிடுகிறார், கழுத்து திரும்புகிறது, தொங்கட்டான் ஆடுகிறது, படம் நிற்கிறது, நிற்கிறது, கரகரத்த குரல் ஒன்று, அம்சவேணியாக இன்று முதல் இவருக்குப் பதில் இவர், கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து, இடப்பக்கம் முதலாமவர், வலப்பக்கம் இரண்டாமவர், குழு கைகொட்டிச் சிரிக்கிறது, மஸ்கட்காரர்கூட ஒரு ஹி போட்டுவிட்டார், மீசை மீசை என்கிறான் லியாகத், முகம் தெரியுமுன் என் கனவு எங்கே நிற்குமோ அங்கே நிற்கிறது அட்டை, அப்படியானால் நான் ஏன் பார்க்கவில்லை. கரண்டு போய்விட்டது, ஆமாம், அன்றைக்குக் கரண்டு போய்விட்டது, திரை கறுத்தது, விசிறி நின்றது, நான் அலறினேன், ஆனால் பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்ததே, தேங்காய்ச் சட்னி அரைக்கிற அந்த மிக்ஸி, அது எப்போதும் எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது, கனவில்கூட, நான் அதை அம்சவேணியின் பின்னணி இசை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாசல் பக்கமிருந்து மரகதம் உள்ளே வருகிறார், வந்து மூன்று வாரம்கூட ஆகாத மரகதம், பெட்டி மடிப்புக் கலையாத சேலை, மூச்சு இரைக்கிறது, கரண்டு போயிருச்சு கண்ணு, வா கேரம் ஆடலாம், கேரம் பலகையில் பவுடர் தூவுகிறார், ஸ்டிரைக்கரைச் சுண்டுகிற விரலில் கரி, சிவப்புக் காயில் கரி படுகிறது, கை நடுங்குகிறது, விளையாடத் தெரியாது போல என்று நினைத்து நான் ஜெயித்துக்கொண்டே இருக்கிறேன். மறுநாள் மதியம் அம்சவேணிக்கு வேறு முகம், யாரு இது என்கிறேன், அம்சவேணிதான் சாமி, வகிடு மாத்தி எடுத்திருக்கா, அதான் வேற மாதிரித் தெரியுது, நான் நம்பினேன், பத்தாம் வகுப்புவரை நம்பினேன், ஒருமுறை கண்ணாடி முன்னால் வகிடை மாற்றி எடுத்து வேறு ஆளாகிவிட்டேனா என்றுகூடப் பார்த்தேன், இப்போது காணொளியை நிறுத்தி அட்டையைப் பெரிதாக்குகிறேன், இரண்டு படத்திலும் வகிடு நடுவில்தான்.

குளித்தலை தாண்டியாச்சு மாப்ள என்கிறார் மாமா, பஸ் காலியா கெடக்குது, பறக்கறான். நான் செருப்புப் போடாமல் வாசலுக்குப் போகிறேன், மீட்டர் பெட்டி கூடத்து ஜன்னலை ஒட்டி இருக்கிறது, எத்தனையோ தடவை பார்த்த பெட்டி, அதன் முன்னால் நின்றால் ஜன்னல் வழியாக டிவி தெரியும் என்பதை மட்டும் பார்த்ததில்லை, இதோ தெரிகிறது, இங்கேதான் நின்றிருக்கிறார், மிக்ஸி போடுவதற்கே மரப்பலகை மேல் ஏறி நிற்கிறவர், இஸ்திரிப் பெட்டியைத் துணி சுற்றித் தொடுகிறவர், இங்கே நின்று, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே, அவள் எந்தப் படியில் நிற்பாள், எப்போது திரும்புவாள் என்பது மனப்பாடமாகத் தெரிந்து, அந்த அட்டை வருவதற்கு முந்தின நொடியில் ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கியிருக்கிறார், இவருக்குப் பதில் இவர் என்று ஒரு குரல் அந்த வீட்டுக் கூடத்தில், அந்த ஏழு வயதுக்காரன் காதில், அந்த மாதத்தில் விழக்கூடாதென்று. என் கட்டுரையின் உச்சகட்டத் திகில் கோபிச்செட்டிபாளையத்துப் பெண்பிள்ளை ஒருவரால் இந்த இடத்தில் இயக்கப்பட்டிருக்கிறது, துறைத்தலைவர் கைகுலுக்கியது தப்பான கை.

எங்கள் வீடு ரயில்பெட்டி மாதிரி, வாசற்படியில் நின்றால் கூடம், அறை, அடுக்களை ஒரே கோட்டில் தெரியும், அந்தக் கோட்டின் கடைசியில் ஜன்னல் வெளிச்சத்தில் மரகதத்தின் முதுகு, மேல்தட்டில் டப்பாவை வைக்க எக்கி நிற்கிறார், சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வந்துட்டேன், ஆட்டோ ஏறப்போறேன் என்று கைப்பேசி கையில் துடித்து அடங்குகிறது, சத்திரத்திலிருந்து உறையூர் எவ்வளவு தூரம், சிக்னல் விழுந்தால் கொஞ்சம் கூடுதல், விழாது, மாமா ஏறும் ஆட்டோவுக்கு எந்த சிக்னலும் விழாது, இருமிப் பார்க்கிறேன், அவ்வளவு தூரம் போகவில்லை, போடுவதற்கு டம்ளர் இல்லை, வாயைத் திறக்கிறேன், என்ன வரும் என்று எனக்கே தெரியாது, அம்மா என்று வருகிறது, பழக்கமில்லாத சொல்லை எந்த அளவில் சொல்வது என்று தெரியாமல் தெருவே கேட்கும்படி நீட்டி வருகிறது, அம்மா. மரகதம் திரும்பவில்லை. டப்பாவைத் தள்ளி வைத்துக்கொண்டே, இன்னிக்கு வேண்டாம்ப்பா, கீரை நேத்து வாங்குனதே கெடக்குது என்கிறார்.

வாசற்படியில் கூடையில்லாத கீரைக்காரனாக நிற்கிறேன், அவர் மேல் தப்பில்லை, இந்த வீட்டில் அந்தச் சொல் வாசலுக்கு வெளியிலிருந்துதான் அவருக்கு வந்திருக்கிறது, கீரைக்காரர், சிலிண்டர் போடுகிறவர், ஊனமுற்றோருக்கென்று ஊதுபத்தி விற்கிற பையன்கள், பதின்மூன்று வருடம் தெருவில் போகிறவர்கள் எல்லாம் கூப்பிட்டிருக்கிறார்கள். தெருமுனையில் ஆட்டோ ஒன்று திரும்புகிற சத்தம், அம்மா, கீரை இல்ல, நான் என்கிறேன். டப்பா அப்படியே நிற்கிறது, முதுகு நிற்கிறது, ஒரு கழுத்து திரும்புவதற்கு இவ்வளவு நேரமா, காதில் சின்னத் தோடு, கன்னத்தின் ஓரம், எங்கும் எதுவும் கறுக்கவில்லை, விசிறி ஓடிக்கொண்டே இருக்கிறது, முகம் முழுதும் வந்துவிட்டது, மூக்கு நுனியில் பருப்புப் பொடி, அன்னிக்கு ஃப்யூஸைப் புடுங்குனது நீங்கதானே என்கிறேன், கேட்க வேண்டியது அதுவல்ல, கரண்டுன்னா பயப்படுவீங்களே என்கிறேன், அதுவும் அல்ல, பயமாத்தான் இருந்துச்சு என்கிறார் அவர், போகாதீங்க என்கிறேன், இதுதான், இதைச் சொல்லத்தான் மற்ற இரண்டும். அவர் கையைத் துடைக்கிறார், மறுபடி துடைக்கிறார், என்னைத் தாண்டித் தெருவைப் பார்க்கிறார், அண்ணன் அத்தன தூரத்துல இருந்து வர்றானே சாமி என்கிறார், ஆட்டோ எங்கள் வாசலில் நின்று, மாமாவின் கால் ஒன்று வெளியே நீள்கிறது, அதைப் பார்த்தபடியே குரலைத் தாழ்த்திச் சொல்கிறார், நீ அந்தப் பக்கமாப் போயி கத்திரிக்கா அரைக் கிலோ வாங்கியா, சாப்பாடு போட்டே அனுப்பிரலாம், வயிறு நெறஞ்சுதுன்னா எங்கண்ணன் ரொம்பச் சண்டை புடிக்க மாட்டான்.