துணிக்கடியில் ஒரு கை

இமெல்டாவுக்குக் கோபம் வந்தால் இலேசில் போகாது. இந்தக் கோபத்துக்கு எட்டு வயது.

மகள் டெல்சி ஒன்பது வயதில் காய்ச்சலில் போனபோது, செத்தவீட்டில் நம் ஆட்கள் வழக்கமாய்ச் செய்வதுபோலப் பெட்டியைச் சுற்றி நின்று குடும்பப் படம் எடுத்தார்கள். எல்லாரும் பிள்ளையைப் பார்த்து அழுகிறார்கள். பெற்ற தகப்பன் கிறிஸ்தோப்பர் மட்டும் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். எப்போது முடியும், எப்போது போகலாம் என்ற பார்வை! அப்படித்தான் இமெல்டா கண்டாள், முகத்துக்கு நேரே கேட்டும் விட்டாள். அவன் வாயே திறக்கவில்லை. ஒரு வருடத்தில் அவன் அவளை விட்டு, ஜேர்மனியின் வடக்கே ஹனோவருக்குப் போய்விட்டான். இவள் கத்தரிக்கோலை எடுத்து அவனைத் தோளோடு வெட்டி எறிந்துவிட்டு, மிச்சப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டினாள்.

வரும் சனிக்கிழமை டெல்சியின் நினைவுப் பூசை. ‘நானும் வரட்டோ?’ என்று அவன் எழுதியிருந்தான். வேலை முடிந்ததும் ‘வராதேங்கோ’ என்று பதில் போடுவதாக இருந்தாள்.

வேலை ஸ்டுட்கார்ட்டில் ஒரு அருங்காட்சியகத்தில், உரோமானியச் சிற்பங்களுக்குக் காவல். அதில் ஒன்றின் பக்கம் மட்டும் அவள் கதிரையைப் போடமாட்டாள். ஒரு சின்னப் பிள்ளையைப் புதைத்த கல்லுப்பெட்டி அது. முன்பக்கத்தில் புடைப்பாய்ச் செதுக்கியிருந்தது: கட்டிலில் செத்த பிள்ளை, சுற்றிவர அழுகிறவர்கள், கட்டிலுக்குக் கீழே ஒரு சோடிச் சின்னச் செருப்பு. அந்தச் செருப்பைப் பார்க்க அவளால் முடியாது.

அன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவந்த வழிகாட்டிப் பெண் அந்தக் கல்லின் முன்னால்தான் நின்றாள்.

“எல்லா உடம்பும் பிள்ளையின் பக்கம் சாய்கிறது. தகப்பன் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறான். அவனைக் கையால் மறைத்துப் பாருங்கள்.”

யாரும் பார்க்காமல் இமெல்டாவும் கையைத் தூக்கினாள். அட! அழுகிறவர்கள் சும்மா வரிசையில் நிற்கிறார்கள். கையை எடுத்தாள். அவன் திரும்பிய அந்தக் கழுத்திலிருந்து துக்கம் முழுதும் கட்டிலுக்குப் பாய்ந்தது.

“இப்போது அவன் கை எங்கே என்று பாருங்கள்.”

முகம் ஒரு பக்கம் போக, கை பின்னால் நீண்டு பிள்ளையின் பாதத்தைப் பிடித்திருந்தது. இத்தனை வருடம் காவல் இருந்தும் அவள் அதைக் காணவில்லை.

வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் படத்தின் முன் நின்றாள். வெட்டிய ஓரத்திலிருந்து ஒரு கை வந்து, கால்மாட்டில் வெள்ளைத் துணிக்கடியில் போயிருந்தது. துணியை இழுத்துவிடும் வேறு யாருடையதோ கை என்றே விட்டிருந்தாள். மணிக்கட்டில், கிறிஸ்தோப்பர் வேலைசெய்த ரெஸ்ரோரன்ற் அடுப்புச் சுட்ட தழும்பு. அதற்கு மருந்து பூசியதே அவள்தான்.

போனை எடுத்து அவனைக் கூப்பிட்டாள்.

“அண்டைக்குத் துணிக்குக் கீழ என்ன செய்தனீங்கள்?”



“பிள்ளைக்கு உடுப்புப் போட்டவங்கள் சொக்ஸ் போட மறந்திட்டாங்கள். வெறுங்கால். நீர் கண்டால் தாங்கமாட்டீர் எண்டு பொத்திப் பிடிச்சனான். காருக்குள்ள அவளின்ர உடுப்புப் பை கிடந்தது. அக்காவுக்குச் சொல்லாதை எண்டு உம்மட தம்பி கிருபனைச் சொக்ஸ் எடுக்க அனுப்பிப்போட்டு, வாறானோ எண்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நிண்டனான்.”

“வந்தவனோ?”

“அவன் வரமுன்னம் நேரம் முடிஞ்சுது எண்டு பெட்டியை மூடிப்போட்டினம். மூடுமட்டும் பிடிச்சுக்கொண்டுதான் நிண்டனான், இமெல்டா.”

“ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?”

“பிள்ளை வெறுங்காலோட போச்சுது எண்டு தாய்க்கு எந்த வாயால சொல்லுறது?”

இமெல்டா சுவரோடு சரிந்து, குரலெடுத்து அழுதாள். அழுது ஓய்ந்தபோதும் அவன் போனை வைக்கவில்லை.

“அந்தச் சொக்ஸ் இருக்கோ?”

“ஓம். காருக்குள்ளதான் கிடக்கு.”

“சனிக்கிழமை வரேக்க கொண்டு வாங்கோ.”