மச்சான் கொடுத்த ஹீட்டர்

குளியலறைச் சுவரில் தொங்கிய வாட்டர் ஹீட்டர் சொட்ட ஆரம்பித்தபோது, வேறு யாராக இருந்தாலும் முதலில் ஒரு வாளியைத் தேடியிருப்பார்கள். அவர் முதலில் தன் மச்சானை நினைத்தார்.

சந்தேகப்படுவதுதான் அவருக்குச் சோறு போடும் தொழில். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, இந்த நசுங்கல் புதியதா, பழைய காயத்தை வைத்துப் பணம் கேட்கிறார்களா என்று ரிப்போர்ட் எழுதுகிறவர். துருவை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். பெயின்ட்டை முகர்ந்து பார்ப்பார். ஆபீசில் அவருக்குக் கழுகு என்று பெயர். அது காதில் விழும்போதெல்லாம் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு உள்ளுக்குள் மகிழ்ந்துபோவார்.

இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது மனைவியின் தம்பி கொண்டுவந்து கொடுத்த ஹீட்டர் அது. புத்தம் புதுசு என்றான். ஆனால் அட்டைப்பெட்டியில் டேப்புக்கு மேல் டேப் ஒட்டியிருந்தது. வாரன்ட்டி கார்டு கேட்டதற்குக் கடைக்காரன் அப்புறம் தருவதாகச் சொன்னான் என்று இழுத்தான். சுவரில் துளை போட்டு மாட்டியதும் அவனே. பக்கத்தில் யாரையும் விடவில்லை. கழுகு அன்றைக்கு மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. மனதில் போட்டு வைத்துக்கொண்டார்.

இப்போது சொட்டுகிறது என்று போன் செய்ததும் அவன் பதறிய பதற்றம் இருக்கிறதே, அதுதான் அவருக்குக் கிடைத்த முதல் தடயம்.

"யாரையும் கூப்பிடாதீங்க மாமா. கம்பெனி மெக்கானிக்கைக்கூட வேண்டாம். ஞாயித்துக்கிழமை நானே வந்து பாக்குறேன்."

கம்பெனி மெக்கானிக் வந்தால் இவனுக்கென்ன? அன்று சாப்பிட உட்கார்ந்ததும் மனைவியிடம் தீர்ப்பைப் படித்துவிட்டார். எங்கேயோ கழித்துப் போட்ட சரக்கைத் துடைத்து நம் தலையில் கட்டியிருக்கிறான். நானே கழற்றிப் பார்க்கிறேன். பழசு என்று தெரிந்தால் உன் தம்பி இந்த வாசற்படியை மிதிக்கக் கூடாது.

இதைக் கோபத்தில் சொன்ன பேச்சு என்று அவளால் ஒதுக்க முடியவில்லை. ஒரு பழைய ஸ்கூட்டரை விற்ற விவகாரத்தில் கூடப்பிறந்த அண்ணனோடு பேச்சை முறித்துக்கொண்டவர் அவர். எதிரெதிரே வந்தாலும் இருவரும் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே கடந்து போவார்கள். அவளுக்கோ இருப்பது ஒரே தம்பி. தண்ணீர் கொண்டுவருவதாக எழுந்து உள்ளே போனவள் வெகுநேரம் திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அவர் லுங்கியை மடித்துக் கட்டினார். மச்சான் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது திட்டம். உங்களுக்கு இடுப்புவலி என்றாள். தண்ணீர் சூடாக இருக்கும் என்றாள். ஸ்பானர் சரியில்லை என்றாள். அவள் சொல்லும் ஒவ்வொன்றும் அவருக்கு வேறு ஏதோ ஒன்றை மறைப்பதாகப் பட்டது. அக்காவும் தம்பியும் சேர்ந்து ஆடும் ஆட்டமோ என்ற எண்ணம் முதல்முறையாகத் தலைகாட்டியது. டார்ச்சை அவள் கையில் கொடுத்தார். கண்பார்வையிலேயே இருக்கட்டும்.

மெயின் சுவிட்சை இறக்கினார். ஹீட்டருக்குத் தண்ணீர் வரும் வால்வை மூடினார். சூடு ஆறியதும் வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, கீழே தண்ணீர் வரும் ஹோஸைக் கழற்றினார். வாளி வாளியாக வந்த தண்ணீரை அவள் ஊற்றிவிட்டு வந்தாள். பிறகு ஸ்டூலில் ஏறி, அடிமூடியின் ஸ்குரூக்களைக் கழற்றினார். உள்ளே ஒயர்கள், தெர்மோஸ்டாட், வட்டமான ஓர் இரும்புத் தட்டு, அதைச் சுற்றி நட்டுகள். சுற்றிலும் துரு. நட்டுகளின் முனைகளில் மட்டும் புதுக் கீறல்கள் பளிச்சென்று மின்னின.

"யாரோ திறந்திருக்காங்க," என்றார். "சமீபத்துல."

டார்ச் வெளிச்சம் நட்டுகளை விட்டுச் சுவருக்கு நகர்ந்தது.

ஒயர்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டு கழற்றினார். நட்டுகள் சொன்னபடி கேட்டன. தட்டை இழுத்ததும் உப்புப் படிந்து சுண்ணாம்புக் கட்டி போலிருந்த ஹீட்டிங் காயில் மிச்சத் தண்ணீரோடு கையில் இறங்கியது. உப்பு இவ்வளவு படிய வருஷங்கள் வேண்டும். அவர்கள் குடிவந்தே ஒரு வருஷம் ஆகவில்லை. கழுகு மூக்கை விரித்தது. ஆனால் தட்டுக்கும் தொட்டிக்கும் நடுவே தண்ணீர் கசியாமல் அடைத்திருந்த கேஸ்கெட்டைப் பார்த்ததும் அவர் நிதானித்தார். அது கடையில் வாங்கியது இல்லை. சிவப்பு ரப்பரைக் கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டியிருந்தார்கள். ஓரம் எலி கடித்த மாதிரி இருந்தது. ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் நெருக்கமான வரிகள்.

அந்த வரிகளை அவருடைய இடுப்புக்குத் தெரியும்.

"நம்ம வெந்நீர்ப்பை எங்க? தொலைஞ்சு போச்சுன்னு சொன்னியே."

அவள் டார்ச்சை அணைத்தாள். பகல் வெளிச்சமே போதும் என்பதுபோல இருந்தது அவள் முகம்.

நடந்ததை அவள் ஒழுங்காகவே சொன்னாள். போன மாதமே ஒருநாள் ஒழுகியது. அவர் ஆபீசில் இருந்தார். பார்த்தால் முதலில் யாரைப் பழிப்பார் என்று தெரியும். போனில் யாரோ ஒருவர் ஹீட்டர் கழற்றுவதைக் காட்டிய வீடியோவைப் பார்த்துத் தானே கழற்றினாள். உள்ளே ரப்பர் நைந்துபோயிருந்தது. அவர் வீடு திரும்பும் நேரம் நெருங்கிவிட்டது, கடைக்குப் போய்வர வழியில்லை, கைக்குக் கிடைத்ததை வெட்டினாள். நாலு வாரம் தாங்கியது.

"அப்போ இது பழசுன்னு உனக்கு அன்னைக்கே தெரியும்."

"கொண்டுவந்த அன்னைக்கே தெரியும். அவன் ரூம்ல நான் எத்தனை தடவை குளிச்சிருக்கேன்? பின்பக்கச் சொட்டைகூட எனக்கு அடையாளம் தெரியும்."

"அவன் ரூம்ல இருந்ததா?"

"தம்பி வெறுங்கையை வீசிட்டுத்தான் வருவான்னு நீங்க நாலு பேர் முன்னாடி சிரிச்சீங்க. அவன் கேட்டுட்டான். தன் வீட்டுச் சுவர்ல இருந்ததைக் கழட்டிட்டு வந்துட்டான்." வாளியை ஓரமாகத் தள்ளினாள். "குளிர்பதனக் கிடங்குல ராத்திரி முழுக்க மீன் பெட்டி அடுக்கிட்டு வந்து பச்சைத்தண்ணில குளிக்கிறான். பழசுதான். போய்ச் சொல்லுங்க, படியேறாதேன்னு."

சந்தேகம் நூற்றுக்கு நூறு சரியாகப் போயிருந்தது. அப்படிச் சரியாகும்போதெல்லாம் நெஞ்சில் ஏறும் மிதப்பு ஏனோ வரவில்லை. நகத்தால் சுரண்டக்கூட இடம் விடாமல் கையில் ஈரமாக இருந்தது அந்த ரப்பர்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, தட்டையும் காயிலையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். அளவு பார்த்துக் கேஸ்கெட் வாங்கினார். இது ஒரிஜினல்தானா என்று இரண்டு தடவை கேட்டார். சந்தேகமாக இருந்தால் வைத்துவிட்டுப் போங்கள் என்றார் கடைக்காரர். வைக்கவில்லை. வீட்டுக்கு வந்து உப்பைச் சுரண்டி, தொட்டியின் விளிம்பைத் துடைத்து, புது ரப்பரை உட்காரவைத்தார். நட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். படத்தைப் பார்த்து ஒயர்களை மாட்டினார். தண்ணீரை நிரப்பி, குழாயில் காற்றெல்லாம் போய்ச் சீராகக் கொட்டும்வரை காத்திருந்தார். அடியில் செய்தித்தாளை ஒற்றிப் பார்த்தார். காய்ந்திருந்தது. அதன் பிறகுதான் மெயினை ஏற்றினார். நறுக்கிய ரப்பரைக் குப்பைக்கூடையின் அடியில் அமுக்கியது அவள்தான்.

மச்சான் வந்ததும் வராததுமாகக் குளியலறைக்குள் எட்டிப் பார்த்தான். ஸ்டூல் இன்னும் அங்கேயே இருந்தது.

"திறந்தீங்களா மாமா?"

"அடியில ஒரு நட்டு லூசு. முறுக்கினேன். நின்னுடுச்சு."

"உள்ள எதுவும் பாக்கலையே?"

"உள்ள பாக்க என்ன இருக்கு? புது ஹீட்டர்."

வேலையில் இத்தனை வருஷத்தில் அவர் பொய் ரிப்போர்ட் எழுதியதே இல்லை. அதனால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மச்சான் அக்காவைப் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்தாள்.

"தண்ணி சூடாயிடுச்சு. குளிச்சிட்டு வா. இனிமே ஷிஃப்ட் முடிஞ்சா நேரா இங்க வந்து குளிச்சிட்டுப் போ. வழிதானே," என்றார் அவர்.

வழி இல்லை. கிடங்கு ஊரின் அந்தக் கோடி. மச்சான் நின்ற இடத்திலேயே நின்று ஹீட்டரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்ன மாமா, ஷாக் அடிக்குதான்னு என்னை வெச்சு டெஸ்ட் பண்றீங்களா?"

"ஆமா. அடிச்சா சத்தம் போடு."

அவன் சிரிக்கவில்லை. ஆனாலும் துண்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். தாழ்ப்பாள் விழுந்தது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. விரலை நீட்டித் தொட்டுப் பார்க்கிறான் போலிருக்கிறது. பிறகு தண்ணீர் கொட்டத் தொடங்கியது. கொட்டிக்கொண்டே இருந்தது.

வெளியே அவள் கணவரைத் தலை சாய்த்துப் பார்த்தாள். இத்தனை நாளும் அவர் பிறரைப் பார்த்த பார்வை அது.

"இதை எப்போ சொல்லிக் காட்டப் போறீங்க?"

சொல்ல மாட்டேன் என்றார்.

அவள் நம்பவில்லை. நம்பும்படி ஒன்றும் தான் இதுவரை செய்ததில்லை என்று அவருக்கும் தெரிந்திருந்ததால், அவர் மேற்கொண்டு வாதாடாமல் ஸ்பானர்களைத் துடைக்க உட்கார்ந்தார்.