முறை மாறிய டீ

மலைமேல் அரியூர் நாட்டு மாதா கோயில் ஹாலில் ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்கும்போது யாராவது "கோழி" என்று சொன்னால் போதும். இன்றைக்கும் எல்லோரும் ஜான்பீட்டரைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஜான்பீட்டர் அங்கே பள்ளிக்கூட வாத்தியார். சொந்த ஊர் லால்குடி. கீழேயிருந்து மலைக்கு வேலைக்கு வந்த எல்லோரையும் போல அவருக்கும் ஞாயிறு என்றால் அந்த டீதான். கிராம நிர்வாக அலுவலர் சென்னியப்பன் பூசை மணிக்கு வரமாட்டார். பால் பொங்கும் நேரத்துக்குத் தவறமாட்டார். மலைக்காரர்களும் வருவார்கள். வாரம் ஒருவர் டீ போட வேண்டும். யார் எந்த வாரம் என்று சுவரில் பட்டியல் இருக்கும்.

பட்டியலில் எழுதாத வழக்கம் ஒன்றும் உண்டு. மாற்றல் வந்தவர் தன் முறைக்குக் காத்திருக்காமல், தானே அண்டாவை அடுப்பில் ஏற்றி, எல்லோருக்கும் டீ கொடுத்துவிட்டுத்தான் மலையிறங்குவார். குடித்து முடியும்வரை அவரிடம் யாரும் போகிற பேச்சை எடுக்கக் கூடாது. முன்பு ஒருமுறை மாற்றலாகிப் போன டீச்சரிடம் யாரோ எடுக்கப்போய், அவர் அழுத அழுகையில் சர்க்கரைக்குப் பதில் உப்பைக் கொட்டிவிட்டார்.

அந்த ஞாயிறு பட்டியலில் இருந்த பெயர் வனிதா. அண்டாவுக்கு முன்னால் நின்றதோ நர்ஸ் ஜெசிந்தா!

ஜான்பீட்டர் வாசலிலேயே நின்றுவிட்டார். ஜெசிந்தா இந்த மலைக்கு வந்து எட்டு மாதம். எட்டு மாதமும் மனதில் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும் என்று டம்ளரோடு அவள் அருகில் போவார். "இஞ்சி தூக்கலா இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருவார்.

"நேத்தே பால் சொல்லி வெச்சுட்டாங்களாமா, ஊரெல்லாம் அதே பேச்சு," என்று காதருகே கிசுகிசுத்தார் சென்னியப்பன். "நாளைக்கு முதல் பஸ்ஸுல இறங்கிருவாங்க. இன்னிக்கு வுட்டா அவ்வளவுதானுங்க வாத்தியாரே."

"எனக்கென்னங்க?"

"உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க. காலி டம்ளரை ஊதிக்கிட்டு நிக்கறீங்களே, அதான் சொன்னேன்."

ஹால் நிறைந்தது. ஒருவர் மிளகு கொண்டுவந்தார், இன்னொருவர் பலாப்பழத்தைத் தோளில் சுமந்து வந்தார். சென்னியப்பன் கையில் ஓர் அன்னாசி. மலைக்காரப் பாட்டி சின்னாயி, கால் கட்டிய கோழி ஒன்றை ஜெசிந்தாவின் கையில் திணித்தாள்.

"என்ற பேரனைக் கையில வாங்குன மவராசி. வெச்சுக்க கண்ணு. நீ போற..."

சென்னியப்பன் பலமாக இருமினார்.

"...போற வார வழியில நின்னுச்சு, புடிச்சாந்தேன்," என்று சமாளித்தாள் சின்னாயி.

"இன்னிக்கு என்னங்க விசேஷம்?" என்றாள் ஜெசிந்தா.

"சும்மா டீ குடிக்கறோம் சாமி," என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள் சின்னாயி.

டீ தீர்ந்துவர, ஜெசிந்தா அண்டாவைச் சாய்த்து மொண்டாள். இன்னும் நாலு டம்ளர்தான். ஜான்பீட்டருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"சிஸ்டர்..." என்று ஆரம்பித்தவர், அந்த வார்த்தை வேண்டாம் என்று நிறுத்தினார். "ஜெசிந்தா! போகாதீங்க. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. போயே ஆகணும்னா ஊரைச் சொல்லுங்க, நானும் அங்கே மாற்றல் கேக்குறேன்."

கோழி மட்டும் கொக்கரித்தது.

"நான் எங்கே சார் போறேன்?"

"மாற்றல் வந்ததாலதானே இன்னிக்கு நீங்க டீ..."

"எனக்கா? வனிதா அக்கா, தங்கச்சி வளைகாப்புக்கு முள்ளுக்குறிச்சி போயிருக்காங்க. அவங்க முறையை நான் வாங்கிக்கிட்டேன். என் முறைக்கு அவங்க போடுவாங்க."

எட்டு மாதமாக யாருக்கும் மாற்றல் வரவில்லை. அந்த வழக்கத்தை அவளுக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்?

முதலில் தெளிந்தது சின்னாயிதான். "அப்ப நீ போவலியா?"

"இல்லீங்க."

"அப்ப என்ற கோழியக் குடு கண்ணு. முட்டைக்கு நிக்கற கோழி அது!"

ஹாலே அதிரச் சிரித்தது. சென்னியப்பன் சத்தமில்லாமல் அன்னாசியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அந்தச் சிரிப்புக்கு நடுவே ஜெசிந்தா ஜான்பீட்டரிடம் வந்தாள். "எல்லாரும் கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கிறாங்க. நீங்க சொன்னதை?"

"வாங்கிக்க மாட்டேன்."

அவள் அவருடைய டம்ளரை நிரப்பினாள். "குடிச்சுப் பார்த்து, இஞ்சி எப்படின்னு சொல்லுங்க."

அவர் குடித்தார். "இஞ்சியே இல்லையே!"

"எட்டு மாசமா அதையே கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. அதான் போடலை. அடுத்த ஞாயிறு உங்க முறைதானே சார்? நானும் வந்து பால் காய்ச்சுறேன். வேற ஏதாவது பேசலாம்."

கோழியோடு வாசல்வரை போயிருந்த சின்னாயி நின்றாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து, கோழியை ஜான்பீட்டரின் கையில் வைத்தாள்.

"முட்டையெல்லாம் அடை வெச்சுப் பெருக்கு வாத்தியாரே. கல்யாணத்துக்கு ஒரு கோழி எந்த மூலைக்குப் பத்தும்?"